சிறிய கேஸில் கஸ்டம் வாட்டர் கூலிங்: திருநெல்வேலி வெயிலுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

கணினியின் சூட்டைத் தண்ணீரால் வெளியேற்றும் அமைப்பை, தனித்தனிப் பாகங்களை வாங்கி நாமே கட்டுவதுதான் கஸ்டம் வாட்டர் கூலிங். இது குறித்து இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, அறை வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி வரை இருக்கும் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கத்திரி வெயில் நாள்களில் பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஏசி இல்லாத மாடி அறை ஒன்றில் பிற்பகலில் வெப்பமானியைப் பார்த்தால் 35, 36 டிகிரி என்பது சாதாரணம். வாட்டர் கூலிங் தண்ணீரைக் குளிர்விப்பதில்லை. சிப்பில் பிறக்கும் வெப்பத்தைத் தண்ணீர் வழியாக அறைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. சிப்பின் மேல் அமரும் உலோக பிளாக், தண்ணீரை ஓட்டும் பம்ப், விசிறிகள் பூட்டிய ரேடியேட்டர், தண்ணீரைத் தாங்கும் ரிசர்வாயர் என்னும் தொட்டி ஆகியவற்றை டியூப்பால் இணைத்த இந்தச் சுற்றையே கீழே வட்டம் என்கிறேன். ஆகவே தண்ணீரின் வெப்பநிலை ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. வெளிநாட்டு வழிகாட்டியில் 35 டிகிரியில் நிற்கும் தண்ணீர், அதே பாகங்களோடு இங்கே 48 டிகிரியில் நிற்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் தண்ணீரின் வெப்பநிலையை மையமாக வைத்தே செல்வதற்கு அதுவே காரணம். சிப் 80 டிகிரி வரை ஏறுவது பெரிய கவலை இல்லை. அது அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் டி5, டிடிசி பம்ப்கள் இரண்டுக்கும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. சிறிய கேஸும் (கணினியின் பெட்டி) சூடான அறையும் சேரும்போது அந்த எல்லை நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது.

முதலில்: இது உங்களுக்குத் தேவையா?

65 வாட் பிராசசரும் ஆன்போர்டு கிராபிக்ஸும் மட்டும் உள்ள கணினிக்கு வாட்டர் கூலிங் வேண்டியதில்லை. பிராசசர் மேல் மாட்டும், விசிறி பூட்டிய நல்ல ஏர் கூலர் ஒன்று போதும், அதுவே நீண்ட காலம் உழைக்கும். கல்யாண வீடியோக்களை இரவு முழுவதும் ரெண்டர் செய்பவர்கள், முப்பரிமாண வேலை செய்பவர்கள், தனி கிராபிக்ஸ் கார்டோடு மணிக்கணக்கில் விளையாடுபவர்கள் ஆகியோருக்குத்தான் இதில் பலன் உண்டு. சிறிய கேஸில் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் தாம் வெளியேற்றிய சூட்டையே மீண்டும் இழுப்பதால் இரைச்சலும் வெப்பமும் சேர்ந்து ஏறுகின்றன; தண்ணீர் அந்த வெப்பத்தைக் கேஸின் விளிம்பில் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்விடுகிறது.

வெப்பக் கணக்கு

பாகம் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஏஎம்டியின் 65 வாட் வகைப் பிராசசர் ஒன்று முழு வேலையில் மதர்போர்டு சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்க அனுமதி பெற்றது. ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டின் மின் அளவு 200 வாட். பம்ப் தரும் வெப்பத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 300 வாட் தண்ணீருக்குள் இறங்குகிறது.

மெல்லிய 240 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று, விசிறிகள் காதை உறுத்தாத வேகத்தில் சுற்றும்போது, தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் சுமார் 150 முதல் 200 வாட் வரை வெளியேற்றும் என்பது இத்துறையில் கைக்கணக்காகக் கொள்ளப்படுவது. நடுவில் 175 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் 17.5 வாட். 300 வாட்டை வெளியேற்றத் தண்ணீர் அறையைவிட 17 டிகிரி சூடாக வேண்டும். அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் 53 டிகிரி. இயங்கும், ஆனால் பம்ப்பின் எல்லைக்கு 7 டிகிரிதான் மிச்சம். ரேடியேட்டரில் தூசி படிந்தாலோ கணினி, மேசையின் மூடிய தட்டுக்குள் இருந்தாலோ அந்த மிச்சம் கரைந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவது ரேடியேட்டரைச் சேர்ப்பது ஒன்று. செலவே இல்லாத வழி இன்னொன்று: கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை மென்பொருளில் 75 சதவீதத்துக்குக் குறைத்தால் 200 வாட் 150 ஆகிறது, மொத்தம் 250 வாட், தண்ணீர் 50 டிகிரியில் நிற்கும். மின் வரம்பு குறையும் அதே விகிதத்தில் வேகம் குறைவதில்லை. இழப்பு அதைவிடச் சிறியதாகவே இருக்கும் என்பதால், நம் ஊரில் சிறிய கேஸ் வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் இதை முதல் படியாகவே நான் பரிந்துரைக்கிறேன். முடிந்தவர்கள் இரண்டையும் செய்யலாம்.

பாகங்கள் எந்த வரிசையில் இணைய வேண்டும் என்ற கேள்விக்கும் கணக்கே பதில் சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4,186 ஜூல் தேவை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், ஒரு டிகிரி உயர்வுக்குச் சுமார் 70 வாட் சுமந்து செல்லும். 300 வாட்டுக்கு, வட்டத்தின் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் உள்ள வேறுபாடு 4 டிகிரி சொச்சம்தான். ஆகவே பிராசசர் முன்பா, கார்டு முன்பா என்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். டியூப் மடங்காமல் குறுகிய வழியில் போகும் வரிசையே சரியான வரிசை. ரிசர்வாயர் மட்டும் பம்ப்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

அளவெடுத்தல்

மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170 மி.மீ. சதுரம், சிறிய கேஸுக்கான எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் (மின் வழங்கி) 125 மி.மீ. அகலம், 63.5 மி.மீ. உயரம், 100 மி.மீ. ஆழம். இவை மாறாதவை. மாறுவது ரேடியேட்டர்தான். 240 என்று பெயர் இருந்தாலும் இரு முனைகளில் உள்ள தொட்டிகளையும் சேர்த்து அதன் நீளம் 270 மி.மீ.க்கு மேல் போகும். தடிமன் 27 முதல் 30 மி.மீ.; அதன் மேல் 25 மி.மீ. விசிறி. அதாவது 52 முதல் 55 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகை உள்ளே நுழைய வேண்டும். இடம் போதாவிட்டால் 15 மி.மீ. மெல்லிய விசிறி உண்டு. ஆனால் அது அதே காற்றைத் தள்ள அதிகம் இரையும்.

அட்டைப்பெட்டியை வெட்டி ரேடியேட்டர், விசிறி ஆகியவற்றின் முழு அளவில் ஒரு மாதிரி செய்து, மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபிள்களும் மாட்டிய நிலையில் கேஸுக்குள் வைத்துப் பாருங்கள். தயாரிப்பாளரின் அளவுப் பட்டியல் கேபிளின் வளைவைக் கணக்கில் எடுப்பதில்லை, அட்டை எடுக்கும். ரேடியேட்டரின் துளைகள் எந்த முனையில் வரும், அங்கே டியூப்பை இணைக்கும் 90 டிகிரி ஃபிட்டிங் ஒன்று திரும்ப இடம் உண்டா, ரேம் குச்சியின் தலை இடிக்கிறதா என்பவற்றை அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முயற்சிக்குக் கன அளவு சுமார் 18 லிட்டர் உள்ள கேஸையே தேர்ந்தெடுங்கள். கூலர் மாஸ்டரின் என்ஆர்200 அப்படிப்பட்டது, 18.25 லிட்டர், பக்கவாட்டில் 240 அல்லது 280 மி.மீ. ரேடியேட்டர் மாட்டலாம். வாட்டர் பிளாக் மாட்டிய கார்டு மெலிந்துவிடுவதால் கீழ்ப்புறத்திலும் இடம் திறக்கும். 10, 11 லிட்டர் கேஸ்கள் அழகானவைதாம். அவற்றில் ஒரே ரேடியேட்டர்தான் அமையும் என்பதை மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

காற்றோட்டத்தைப் பொறுத்தவரை, ரேடியேட்டருக்கு வெளிக்காற்று நேராகக் கிடைக்கும்படி விசிறிகளை உள்ளிழுக்கும் திசையில் வைத்து, மேற்புறத்தை வெளியேற்றத்துக்கு விடுவது நம் வெப்பத்துக்கு நல்லது. ஆனால் ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று மதர்போர்டில் உள்ள எம்.2 எஸ்எஸ்டி (தரவைச் சேமிக்கும் பாகம்) மீது படும். ஆகவே அதற்கு ஒரு சிறு ஹீட்சிங்க் மாட்டிவிடுங்கள், மேற்புற வழியை எதுவும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

உலோகத்தில் சமரசம் கூடாது. தாமிர பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் இருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையத் தொடங்கும். மலிவாக விற்கப்படும் ரேடியேட்டர்களில் பல அலுமினியம்; தாமிரம், பித்தளை, நிக்கல் பூச்சு இவை மட்டுமே உள்ள பாகங்களை வாங்குங்கள். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் ரேடியேட்டரின் பெயின்ட் முழுமையாகவும் சீராகவும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உப்புக் காற்று தகடுகளை வெளியிலிருந்தும் அரிக்கும். தகடுகள் மிக நெருக்கமாக உள்ள ரேடியேட்டரைத் தவிர்ப்பது நல்லது. தூசி அதில்தான் முதலில் சிக்கும்.

ஃபிட்டிங்குகளின் மரை ஜி 1/4 என்னும் நேர் மரை. வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ உள்ள ஹார்டுவேர் கடையில் கால் அங்குலப் பித்தளை ஃபிட்டிங் கிடைக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் பல கூம்பு மரை கொண்டவை. டேப் சுற்றி இறுக்குவதற்காகச் செய்யப்பட்டவை. அதை அக்ரிலிக் பிளாக்கில் இறுக்கினால் மரை விரிந்து அக்ரிலிக் வெடித்துவிடும். இதற்கென்றே உள்ள, ஓ-ரிங்குடன் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வரும் ஃபிட்டிங்குகளையே ஆன்லைனில் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் உள்ளூரில் கிடைக்காது. ஆகவே சுழலும் 90 டிகிரி ஃபிட்டிங், 45 டிகிரி ஃபிட்டிங் ஆகியவற்றைத் தேவைக்கு மேல் சிலவும், ஓ-ரிங் ஒரு பொட்டலமும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

டியூப் குறித்து என் கருத்து உறுதியானது: சிறிய கேஸுக்கு மென் டியூப்தான். கடின டியூப் படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் ரேம் ஒன்றை மாற்ற வேண்டுமென்றாலும் வட்டம் முழுவதையும் கழற்ற நேரும். மேலும், பெட்ஜி என்னும் பிளாஸ்டிக்காலான கடின டியூப் 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கி ஃபிட்டிங்கில் பிடி தளரக்கூடும். மென் டியூப்பில் 10 மி.மீ. உள்விட்டமும் 16 மி.மீ. வெளிவிட்டமும் உள்ளது தடித்த சுவர் கொண்டது, எளிதில் மடங்காது. இடம் மிகக் குறைவென்றால் 10க்கு 13. பிவிசி டியூப்பில் இருந்து மென்மையாக்கும் பொருள் நாளடைவில் கசிந்து பிளாக்கின் நுண் தகடுகளில் படியும்; சூடு கூடக்கூட இது விரைவாகும். ஈபிடிஎம் ரப்பர் டியூப்பில் இந்தத் தொல்லை இல்லை. கறுப்பாக இருப்பதால் உள்ளே ஓடும் தண்ணீர் தெரியாது. அது ஒன்றுதான் குறை.

பம்ப்பில் டிடிசி சிறியது, ஆகவே குறுகிய இடத்தில் அமரும். தன் வெப்பத்தை அடிப்பகுதியில் தேக்குவதால் அதற்குக் காற்று படும்படி வைக்க வேண்டும். இடம் இருந்தால் டி5.

தண்ணீர்

தாமிரபரணித் தண்ணீரின் சுவையைப் பற்றி நமக்கு இருக்கும் பெருமை நியாயமானது. ஆனால் அது குடிப்பதற்கு. ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் இங்கே உதவாது. உப்பு படிந்தால் பிளாக்கின் நுண் தகடுகள் அடைபடும். அந்தத் தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மி.மீ.யில் ஒரு பகுதிதான். பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்பதில் பெரும்பகுதி உப்பு நீக்கிய தண்ணீர். அதைத் தனியாக ஊற்றினால் பாசியையும் அரிப்பையும் தடுக்க அதில் எதுவும் இல்லை. நம் வெப்பத்தில் பாசி விரைவாக வளரும். ஆகவே அரிப்புத் தடுப்பானும் கிருமித் தடுப்பானும் சேர்ந்த தயார் கூலன்ட்டையே, நிறமில்லாததாக, ஒரு லிட்டர் வாங்குங்கள். சிறிய கேஸின் வட்டத்துக்குப் பெரும்பாலும் அரை லிட்டர் அளவே பிடிக்கும். மிச்சம் குறைவதை நிரப்ப உதவும். மினுமினுக்கும் துகள் கலந்த கூலன்ட்டில் துகள் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும், அதை வாங்க வேண்டாம். காரில் ஊற்றும் கூலன்ட்டும் வேண்டாம்.

பிளாக் மாட்டுதல்

கார்டையும் பிராசசரையும் அவற்றின் சொந்தக் கூலரோடு முதலில் சில மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, குறையில்லை என்று உறுதி செய்யுங்கள். கூலரைக் கழற்றிய பின் கண்டுபிடிக்கும் குறைக்கு வாரன்டி கேட்பது கடினம். கார்டின் பழைய கூலரையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

கார்டைக் கழற்றும்போது விசிறி ஒயரை மறந்து இழுத்துவிடாதீர்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிப்பின் வெப்பத்தைப் பிளாக்குக்குக் கடத்தும் மென்மையான தெர்மல் பேட்களைப் பொறுத்தவரை, பிளாக் தயாரிப்பாளர் கொடுத்த படத்தில் எந்த இடத்துக்கு எந்தத் தடிமன் என்று உள்ளதோ அதை அப்படியே பின்பற்றுங்கள், 1 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால் பிளாக் தூக்கிக்கொண்டு நடுச் சிப்பைத் தொடாது. திருகுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிராசசர் பிளாக்கில் உள்வரும் துளை எது, வெளியேறும் துளை எது என்பது முக்கியம். கார்டு பிளாக்கில் பெரும்பாலும் எந்தப் பக்கமும் சரி.

உள்ளே பொருத்தும் வரிசை

புதிய ரேடியேட்டருக்குள் பற்றவைப்புக் கழிவு இருக்கும். உப்பு நீக்கிய தண்ணீரைச் சூடாக்கிப் பாதி நிரப்பி, துளைகளை மூடி, நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். வெள்ளைத் துணியில் வடித்தால் துகள் எதுவும் நிற்காத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

சிறிய கேஸில் கை நுழையாத இடங்கள் பல. ரேடியேட்டரின் உட்புறத் துளைகளிலும் கார்டு பிளாக்கிலும் ஃபிட்டிங்குகளை வெளியிலேயே மாட்டிவிட்டு, பிறகு உள்ளே இறக்குங்கள். ஃபிட்டிங்கைக் கையால் மட்டும், ஓ-ரிங் அமர்ந்து ஃபிட்டிங் தளத்தைத் தொடும் வரை இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். முதலில் மதர்போர்டு, அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் கேபிள்களும், பிறகு பம்ப், ரேடியேட்டர், கடைசியாகக் கார்டு என்பது பல கேஸ்களுக்குப் பொருந்தும் வரிசை. டியூப்பை அதன் இடத்தில் வைத்து அளந்து, சிறிது கூடுதலாக வெட்டி, மடங்காத வளைவு வரும் வரை குறையுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்ந்த வெட்டு ஃபிட்டிங்கின் அடிவரை போகாது.

வட்டத்தின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டி ஃபிட்டிங்கும் சிறு வால்வும் வைத்துவிடுங்கள். இடத்தை மிச்சப்படுத்த இதைத் தவிர்ப்பவர்கள், பின்னர் தண்ணீரை இறக்கும்போது கேஸைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். நிரப்பும் துளை மிக உயரத்தில் இருக்கட்டும்.

கசிவுச் சோதனையும் நிரப்புதலும்

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் காற்றால் சோதியுங்கள். இதற்கென்று அழுத்தமானியுடன் கூடிய சிறு கைப்பம்ப் கிடைக்கிறது. 0.5 பார் அளவுக்குள், பாகங்களின் தயாரிப்பாளர் சொன்ன எல்லையை மீறாமல், காற்றை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையக் கூடாது. 0.5 பார் என்பது சுமார் 7 பி.எஸ்.ஐ.தான், கார் டயருக்கு 30க்கு மேல் ஏற்றும் பம்ப்பை இதில் பயன்படுத்தினால் ரிசர்வாயர் வெடிக்கும். முள் இறங்கினால் சோப்பு நீரைத் தேடாதீர்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்காகக் கழற்றி ஓ-ரிங் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, மதர்போர்டுக்கும் பிராசசருக்கும் கார்டுக்கும் போகும் எல்லா மின் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பம்ப்புக்கு மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து மின்சாரம் கொடுங்கள். மதர்போர்டு இல்லாமல் எஸ்எம்பிஎஸ் இயங்க, 24 பின் இணைப்பானில் 16ஆம் பின்னையும் 17ஆம் பின்னையும் இணைக்க வேண்டும். பழைய கேபிள்களில் இவை பச்சையும் கறுப்பும். இன்றைய எஸ்எஃப்எக்ஸ் கேபிள்கள் முழுவதும் கறுப்பாக வருவதால் நிறத்தை நம்ப முடியாது. இதற்கென விற்கும் ஜம்பர் பிளக்கை வாங்குவதே பாதுகாப்பு. சுவர் சாக்கெட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் இந்தச் சமயத்தில் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் இது பெயரளவுக்கே இருக்கும்.

ரிசர்வாயரை நிரப்பி, பம்ப்பைச் சில நொடிகள் ஓட்டி, மட்டம் இறங்கியதும் நிறுத்தி, மீண்டும் நிரப்புங்கள். பம்ப்பின் பேரிங்குக்குத் தண்ணீரே மசகு. உலர்ந்து ஓடினால் அது கெட்டுவிடும். வட்டம் நிரம்பிய பின் கேஸை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சாய்த்து, ரேடியேட்டரில் சிக்கிய காற்றை ரிசர்வாயருக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ தாள் வைத்து, பம்ப் மட்டும் ஓடும் நிலையில் ஓர் இரவு விடுங்கள். காலையில் எல்லாத் தாள்களும் உலர்ந்திருந்தால் மற்ற மின் இணைப்புகளைக் கொடுக்கலாம்.

விசிறிகளைத் தண்ணீரின் வெப்பநிலைக்குக் கட்டுதல்

பிராசசரின் வெப்பநிலை நொடிக்கு நொடி 20 டிகிரி குதிக்கும். விசிறிகளை அதற்குக் கட்டினால் அவை ஓயாமல் ஏறி இறங்கும். தண்ணீரோ மெதுவாகவே சூடாகும். ஜி 1/4 மரையில் வரும் 10 கிலோ ஓம் சென்சார் ஒன்றை வட்டத்தில் மாட்டி, மதர்போர்டில் அதற்கான இணைப்பு இருந்தால் அதிலும், இல்லையென்றால் அக்வா கம்ப்யூட்டர் குவாட்ரோ போன்ற தனிக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் இணையுங்கள்.

வெளிநாட்டுப் பயனர்கள் பகிரும் விசிறி வேக அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால், 40 டிகிரியில் முழு வேகம் என்று இருக்கும். இங்கே கணினி சும்மா இருக்கும்போதே விசிறிகள் அலறும். அறை 36 டிகிரி இருக்கும் வீட்டுக்கு, தண்ணீர் 42 வரை குறைந்த வேகம், அங்கிருந்து படிப்படியாக ஏறி 52இல் முழு வேகம், 57இல் கணினி தானே அணையும் கட்டளை என்று தொடங்கலாம். கார்த்திகை, மார்கழியில் அறை குளிர்ந்த பிறகு தண்ணீர் 42ஐத் தொடுவதே அரிதாகி, கணினி பெரும்பாலும் ஓசையின்றி இயங்கும்.

பராமரிப்பு

ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வீசும் மேற்குக் காற்று மாவட்டம் முழுவதும் புழுதியைக் கொண்டுவரும். அந்த மாதங்களில் கேஸின் வலை வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவி உலர்த்தி மாட்டுங்கள். ரேடியேட்டரை ஊதும்போது விசிறியின் இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையும் வேலையும் அதேதான், ஆனால் தண்ணீர் வழக்கத்தைவிட 3, 4 டிகிரி கூடுதலாக நிற்கிறது என்றால், தூசியையே முதலில் சந்தேகியுங்கள். அதன் பிறகு மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூலன்ட்டை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது போதும். கத்திரி தொடங்குவதற்கு முன் பங்குனியில் செய்தால் வெயில் காலம் முழுவதும் புதிய கூலன்ட் ஓடும். இறக்கிய கூலன்ட்டை வெள்ளைக் குவளையில் பிடித்துப் பாருங்கள். பச்சை கலந்திருந்தால் அரிப்போ பாசியோ தொடங்கியிருக்கிறது. பிளாக்கைத் திறந்து மென்மையான பல்துலக்கியால் தகடுகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பல கூலன்ட்களில் கிளைகால் உள்ளது. அதில் எத்திலீன் வகை இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடுமாடும் நக்கும், நக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பழைய கூலன்ட்டை வாறுகாலிலோ தொழுவத்தின் பக்கமோ ஊற்றாமல், மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். திறந்த ஃபிட்டிங்குகளின் ஓ-ரிங்குகளை மாற்றிவிட்டு, புதிதாக நிரப்புவதற்கு முன் காற்றழுத்தச் சோதனையை முதல் முறை செய்ததைப் போலவே மீண்டும் செய்யுங்கள்.